பெண்: பதினான்கு

மூன்று காகிதங்களில் நான்
மூன்று பேர்.
ஞானஸ்நானச் சீட்டில் யாகேல்.
ரேஷன் கார்டில், மலையாளத்தில், யாயேல்.
ஆதாரின் ஆங்கிலத்தை
தேவிகுளம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வாசித்தார்:
ஜெயில்.
வரிசை சிரித்தது.
நானும் சிரித்தேன். கையெழுத்து வேண்டியிருந்தது.

பெயர் வைத்த ஞாயிறு மழையாம்.
சர்ச்சுக்கு வந்தது ஆறே பேர்.
உபதேசியார் சீட்டுக் குலுக்கினார்.
எஸ்தர் விழும் என்று அம்மா காத்திருந்தாள்.
விழுந்தவளோ,
தோற்று ஓடிவந்த படைத்தலைவன் தண்ணீர் கேட்க
பால் கொடுத்து, போர்த்தி, தூங்கவைத்து
கூடார முளையை அவன் நெற்றிப்பொட்டில் இறக்கியவள்.
"பொட்டப் பிள்ளைக்கு இதுவா?"
லயத்து உத்தரத்தில்
தொட்டில் கொக்கி அடித்துக்கொண்டிருந்த அப்பா
சுத்தியலை நிறுத்தாமல் சொன்னாராம்:
"பேர்தானே, கிடக்கட்டும்."

பள்ளிக்கூடத்தில் யாரும் என்னிடம்
குடிக்கத் தண்ணீர் கேட்டதில்லை.
பையன்கள் நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.
அதில் எனக்கொரு சின்னச் சந்தோஷம்
இல்லை என்றால் பொய்.

இப்போது ராஜமலையில் வாச்சர், தினக்கூலி.
வரையாட்டைத் தொட்டு போட்டோ எடுக்கிறவர்களை
விலக்கிவிடுவது வேலை.
ஏப்ரலில் நான்கு நாள்
தலை எண்ணுவது.
இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் வால்பாறைக்காரர்கள்,
ஒரே காலை, ஒரே மணி.
தப்பினால் ஒரே ஆடு
இரண்டு மாநிலத்திலும் பிறந்துவிடும்.
முன்னங்கால் கேரளத்தில்
பின்னங்கால் தமிழ்நாட்டில்
வைத்து அசைபோடுகிற ஒன்றை
கங்காணி மாதிரி பைனாகுலரில் முறைத்து
எந்தப் பக்கம் எழுத என்று விழித்திருக்கிறேன்.
வரை என்றால் மலை.
வரை என்றால் கோடு.
ஆட்டுக்கு முதல் அர்த்தம் மட்டும் தெரியும்.

எண்ணி முடித்த மாலை
முதுகுப்பையோடு ஒருத்தி வந்தாள், வெளிநாடு.
கணுக்காலில் அட்டை.
உப்பு கேட்டாள். கொடுத்தேன்.
பதிவேட்டில் பெயர் எழுத
பாஸ்போர்ட்டை நீட்டினாள்.
எழுத்து வேறு மாதிரி இருந்தது. சொல்லச் சொன்னேன்.
யா, என்று நிறுத்தி
தொண்டையின் அடியில் எதையோ லேசாக இறுக்கி
ஏல், என்றாள்.
என் ககரம் நிற்கிற இடத்தில்
அவளுக்கு ஒரு பள்ளம்.
தாண்டினால் இரண்டும் ஒரே கரை.

சட்டையில் குத்திய என் பெயரைக் காட்டினேன்.
முளை, சுத்தியல், நெற்றி எல்லாம்
கையால் நடித்தும் காட்டினேன்.
விழுந்து சிரித்தாள்.
அது அந்தப் பெண் செய்தது, என்றாள்,
பெயரில் அது இல்லை.
எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு
என்று தொடங்கி வார்த்தை கிடைக்காமல் திரும்பி
பாறை விளிம்பில்
குட்டியை முன்னால் விட்டு நின்ற பெட்டையைக் காட்டினாள்.

அதுவா?
அதேதான். கொஞ்சம் வேறு.
அவள் ஊரில் அது பாலைவன மலையில்,
மணல் நிறம், கொம்பு இன்னும் நீளம்.
ஏறுவது என்ற வேரிலிருந்து
வந்திருக்கலாம், நிச்சயமில்லை, என்றாள்.
அவள் அம்மா வைத்தது
கூப்பிடச் சின்னதாக இருக்கிறதே என்றுதானாம்.

கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.
முப்பத்தொரு வருடம் சுத்தியலோடு நடந்த கை
என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது.
ஆறு ஏப்ரலாக என் பெயரைத்தான்
தூரத்தில் பிடித்து
ஐந்தைந்தாகக் கோடு போட்டுக் கட்டியிருக்கிறேன்.
அது ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பனி ஏறியது. நோட்டை விரித்தேன்.
கிடா மூன்று. குட்டி ஒன்பது.
பெண் பதினான்கு.
கணக்கெடுத்தவர்: யாகேல்.
பதினைந்து என்று திருத்தலாமா என்று
பேனாவை வைத்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கத்துக் கணக்கோடு
ஒத்துவராது.
விட்டுவிட்டேன்.